சாயம் போடாம உயிருள்ள தோல்ல புற்றுநோயைப் பாக்குற லேசர் மைக்ராஸ்கோப்: ஆரம்பத்துல இருந்து முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் எம்எஸ்சி பிசிக்ஸ் முடிச்சிட்டு வெளியூர்ல பயோபோட்டானிக்ஸ் (வெளிச்சத்தை வச்சு உயிருள்ள பொருளை ஆராயுற துறை) லேப்ல சேர்ற பசங்க, லீவுக்கு ஊருக்கு வர்றப்ப ரெண்டே கேள்விதான் கேக்குறாங்க. ஒண்ணு, "அண்ணே, லேசர் ஆன் ஆகுது, பவரும் காட்டுது, படத்துல மட்டும் ஒண்ணும் வரல". இன்னொண்ணு அதுக்கு நேர் எதிரு, "எல்லாமே பளபளன்னு தெரியுது, இதுல எது கேன்சர்னே தெரியல". ரெண்டுக்குமே பெரும்பாலும் மெஷின் காரணம் இல்ல, வேலையை எந்த வரிசையில செஞ்சாங்கங்கிறதுதான் காரணம். அதனால வரிசைப்படியே எழுதுறேன், ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்துல வருதுன்னும் சேத்து.

சாயம் போடலன்னா தோல் தானா என்ன வெளிச்சம் குடுக்குதோ அதை வச்சுத்தான் நாம பாக்குறோம். அப்படின்னா தோல் மேல வேற எது ஒட்டியிருந்தாலும் அதுவும் ஒரு சாயம்தான். இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா கீழ வர்றதுல பாதி தானா புரிஞ்சிடும்.

1. எந்த சிக்னலைப் பாக்கப்போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

பவர், ஃபில்டர், தோல் மேல என்ன தடவணும் எல்லாமே இதைப் பொறுத்துதான் மாறும், அதனாலதான் இது முதல் படி.

ரிஃப்ளெக்டன்ஸ் கான்ஃபோக்கல், சுருக்கமா ஆர்சிஎம். 830 நானோமீட்டர் டயோடு லேசர், தோலுக்குள்ள இருந்து திரும்பி வர்ற வெளிச்சத்தையே படமாக்கும். மெலனினும் (தோலோட நிறமி) கெரட்டினும் (மேல் தோலோட புரதம்) சுத்தி இருக்கிறதை விட ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ் (வெளிச்சத்தை வளைக்கிற அளவு) அதிகம்ங்கிறதால வெள்ளையா தெரியும், நியூக்ளியஸ் (செல்லோட கரு) கறுப்பா தெரியும். 200லிருந்து 250 மைக்ரான் ஆழம் வரைக்கும் ஓரளவு நம்பலாம். தோல் டாக்டருங்க கிளினிக்ல வச்சிருக்கிறது பெரும்பாலும் இந்த வகைதான்.

அடுத்தது மல்டிபோட்டான், ரெண்டு போட்டான் (ஒளித்துகள்) ஒரே நேரத்துல மோதுனாதான் இதுல சிக்னல் வரும். டைட்டானியம் சஃபையர் லேசர், பல்ஸ் ஒண்ணு சுமார் 100 ஃபெம்டோசெகண்ட், ஒரு செகண்டுக்கு சுமார் 8 கோடி பல்ஸ். 740ல இருந்து 800 நானோமீட்டருக்குள்ள வச்சா செல்லுக்குள்ள இருக்கிற என்ஏடிஹெச், எஃப்ஏடி (ரெண்டும் மெட்டபாலிசத்துல வர்ற மூலக்கூறு), மெலனின், கீழ டெர்மிஸ்ல (தோலோட உள் அடுக்கு) எலாஸ்டின் நாரு எல்லாம் தானா ஒளிரும். கொலாஜன் (டெர்மிஸ்ல இருக்கிற இன்னொரு புரத நாரு) மட்டும் வேற மாதிரி, விட்ட அலைநீளத்துல சரி பாதியா திருப்பிக் குடுக்கும், அதாவது 780 விட்டா 390. இதுக்குப் பேரு செகண்ட் ஹார்மோனிக் ஜெனரேஷன், சுருக்கமா எஸ்ஹெச்ஜி.

மூணாவதா ராமன் வகை இருக்கு, ரெண்டு லேசரை ஒரே நேரத்துல ஒரே புள்ளியில சேத்து, 2850 அலைஎண் பக்கம் கொழுப்பையும் 2930 பக்கம் புரதத்தையும் பாக்குறது. நல்ல டெக்னிக்தான், ஆனா புதுசா வந்தவங்க இதுல கை வைக்காதீங்க, ரெண்டு பீமையும் நேரத்துலயும் இடத்துலயும் ஒண்ணா சேக்குறதுக்குள்ள நோயாளி எழுந்து வீட்டுக்குப் போயிடுவாரு. இந்தக் கட்டுரையில முதல் ரெண்டு மட்டும்தான்.

2. நோயாளி வர்றதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

எதிக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம ஒரு மனுஷன் தோல் மேலயும் லேசர் போடக்கூடாது, உங்க சொந்தக் கையா இருந்தாலும் ஆராய்ச்சி டேட்டான்னு எடுத்தா அனுமதி வேணும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017ல வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கு, அதை ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க. சம்மதப் படிவம் தமிழ்ல இருக்கணும், அதுவும் பேசுற மாதிரி தமிழ்ல. ஆச்சி ஒருத்தவங்க வர்றாங்கன்னா "ஒளியியல் உயிர்த்திசுப் படிமம்"னு எழுதி நீட்டுனா அவங்க கையெழுத்து போட்டுடுவாங்க, புரிஞ்சு போட்டதா ஆகாது.

டெர்மோஸ்கோப்ல (தோலைப் பெருசாக்கிக் காட்டுற கைக்கருவி) எடுத்த போட்டோ, ஸ்கேலோட. இது இல்லாம ஆரம்பிக்கவே வேண்டாம், ஏன்னா ஒரு மைக்ராஸ்கோப் ஃபிரேம் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், மச்சத்துல எந்த மூலையில நிக்குறோம்னு பின்னாடி யாராலயும் சொல்ல முடியாது.

பவர் மீட்டர், அந்த அலைநீளத்துக்கான லேசர் கண்ணாடி, ஷட்டர், யூபிஎஸ். டைட்டானியம் சஃபையர் கிளாஸ் 4 (ரொம்ப ஆபத்தான வகை) லேசர், 780ல கண்ணுக்கு மங்கலான சிவப்பாத்தான் தெரியும், அதைப் பாத்து கம்மியான வெளிச்சம்னு ஏமாந்துடாதீங்க. மோதிரம், வாட்ச், வளையல் எல்லாம் கழட்டிடுங்க, நோயாளிக்கும் சேத்து, பீம் பட்டு தெறிச்சா எங்க போகும்னு சொல்ல முடியாது. கண்ணுக்குப் பக்கத்துல இருக்கிற இடத்தை ஆரம்பத்துல எடுக்கவே எடுக்காதீங்க.

3. லேசர் சூடாகட்டும், பல்ஸ் இருக்கான்னு பாருங்க

"பவர் காட்டுது, படம் வரல" கேஸ் முக்கால்வாசி இங்கதான் மாட்டியிருக்கும். மோட்லாக் (லேசரை பல்ஸ் பல்ஸா விட வைக்கிற நிலை) உடைஞ்சு போனா லேசர் தொடர்ச்சியா எரிய ஆரம்பிச்சிடும், சராசரி பவர் கிட்டத்தட்ட அதே அளவுதான் காட்டும், ஆனா ரெண்டு போட்டான் ஒரே நேரத்துல மோதணும்னா பல்ஸோட உச்சம் வேணும், அது இல்லன்னா சிக்னல் சுத்தமா ஜீரோ. பவர் மீட்டரை மட்டும் பாத்துட்டு நல்லா இருக்குன்னு முடிவு பண்றதுதான் தப்பு. ஸ்பெக்ட்ரோமீட்டர்ல பாருங்க, 100 ஃபெம்டோசெகண்ட் பல்ஸ்னா 800 பக்கம் சுமார் 7லிருந்து 10 நானோமீட்டர் அகலம் இருக்கும், ஊசி மாதிரி ஒரே கோடா நின்னா மோட்லாக் போயிடுச்சுன்னு அர்த்தம்.

பவரை லேசர் வாசல்ல அளக்காதீங்க, அப்ஜெக்டிவ் (தோலுக்குப் பக்கத்துல இருக்கிற லென்ஸ்) முனையில அளங்க. வழியில இருக்கிற கண்ணாடி, லென்ஸ் எல்லாம் சேந்து பல சமயம் பாதிக்கு மேல தின்னுடும், தோலுக்குப் போறது எவ்வளவுங்கிறதுதான் நமக்கு முக்கியம், ரிக்கார்டுலயும் அதுதான் எழுதணும். அதே கண்ணாடிங்க பல்ஸையும் கொஞ்சம் இழுத்து நீட்டிடும், அதனால ரெண்டு லேப்ல ஒரே மில்லிவாட் போட்டும் ஒரு லேப்ல படம் மங்கலா வருதுன்னா சண்டை போடாம பல்ஸ் அகலத்தைப் பாருங்க.

லேசர் நிலைக்கு வர்ற வரைக்கும் சும்மா இருக்காம ரூமை இருட்டாக்குங்க. மல்டிபோட்டான் டிடெக்டருக்கு ட்யூப் லைட் மட்டுமில்ல, யாரோ ஒருத்தர் பாக்கெட்ல இருந்து எடுக்குற போன் ஸ்க்ரீன் கூட போதும். ஷட்டரை மூடிட்டு ஒரு படம் எடுங்க, அதுல ஏதாவது தெரிஞ்சா அது ரூம் வெளிச்சம்.

4. தெரிஞ்ச பொருள்ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க

நோயாளியைப் படுக்க வச்சுட்டு மெஷினை சரி பண்றது அநியாயம். எஸ்ஹெச்ஜி வருதான்னு பாக்க உருளைக்கிழங்கு ஸ்டார்ச் போதும், ஒரு சிட்டிகை ஸ்லைடுல தண்ணி விட்டு வச்சா ஒவ்வொரு துகளும் பிரகாசமா எரியும். ஃபோகஸ் ஆழம் சரியா நகருதான்னு பாக்க கோழித் தோல், மேல எபிடெர்மிஸ் (தோலோட மேல் அடுக்கு) செல்லு, கீழ கொலாஜன் நாருன்னு ரெண்டு சேனலும் (ஒவ்வொரு நிற வெளிச்சத்தையும் தனியா பிடிக்கிறது) ஒரே சாம்பிள்ல கிடைச்சிடும். ஞாயித்துக்கிழமை கறிக்கடையில சும்மாவே குடுப்பாங்க, மசாலா தடவுனதுக்கு அப்புறம் வாங்காதீங்க, காரணம் அடுத்த படியில.

5. தோலைத் துடைக்கிறது, அதுக்கும் முன்னாடி கேக்குறது

என்னைக் கேட்டா இந்த மொத்த வேலையில முக்கியமான படி இதுதான், ஆனா எந்த மெஷின் மேனுவல்லயும் நம்ம ஊருக்குத் தேவையான மாதிரி எழுதியிருக்காது, அவங்க ஊர்ல யாரும் மஞ்சள் தேச்சுக் குளிக்கிறதில்ல.

மஞ்சள்ல இருக்கிற குர்குமின் ரொம்ப நல்லா ஒளிரும். 800 பக்கம் ரெண்டு போட்டான்ல கிளப்பிவிட்டா பச்சை கலந்த மஞ்சள் நிறமா 500லிருந்து 550 நானோமீட்டருக்குள்ள வெளிச்சம் குடுக்கும், அதே இடத்துலதான் எஃப்ஏடி சேனலும் இருக்கு. மேல் தோல் சுருக்கத்துலயும் மயிர்க்கால்லயும் இறங்கி உக்காந்திருக்கும், ஸ்கிரீன்ல பாத்தா ஏதோ செல்லுக் கூட்டம் பத்தி எரியுற மாதிரி இருக்கும், புதுசா வந்தவங்க அதைப் பாத்து "சார், மெட்டபாலிசம் ஏறிப்போச்சு"ன்னு குதிப்பாங்க. மெட்டபாலிசம் இல்ல தம்பி, கஸ்தூரி மஞ்சள்.

விபூதி வெறும் சாம்பல் துகள், ஆர்சிஎம்ல வெள்ளை வெள்ளையா புள்ளியா அடிக்கும், நெத்தியில இருக்கிற மச்சத்தை எடுக்குறப்ப இதை மறக்காதீங்க. கேலமைன் லோஷன், சில சன்ஸ்க்ரீன் இதுலெல்லாம் ஜிங்க் ஆக்சைடு இருக்கும், அது நல்லாவே எஸ்ஹெச்ஜி குடுக்கும், கொலாஜன் இருக்கவே முடியாத தோல் மேற்பரப்புல கொலாஜன் சேனல் எரிஞ்சா முதல்ல அதைத்தான் சந்தேகப்படணும். மருதாணி கெரட்டின்லயே பிணைஞ்சுக்கும், துடைச்சா போகாது, அந்தத் தோல் தானா உதிர்ற வரைக்கும் காத்திருக்கிறதுதான் வழி. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இருந்தா விண்டோ (தோல் மேல ஒட்டுற, வெளிச்சம் உள்ள போற தகடு) ஒட்டாது.

பச்சை குத்துன இடத்துல லேசர் போடவே கூடாது. நம்ம பக்கம் வயசான அப்பத்தாக்கள் கையில முழங்கை வரைக்கும் கோலம் மாதிரி பச்சை இருக்கும், அந்தக் கரி மை வெளிச்சத்தை அப்படியே உறிஞ்சிடும், சூடாகி தோலு வெந்துடும்.

அதனால அப்பாயின்ட்மென்ட் குடுக்குறப்பவே போன்ல சொல்லிடுங்க: ரெண்டு மூணு நாளைக்கு அந்த இடத்துல மஞ்சள், எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் வேண்டாம், டாக்டர் எழுதிக் குடுத்த மருந்துன்னா நிறுத்துறதுக்கு முன்னாடி அந்த டாக்டரைக் கேளுங்கன்னு. வந்ததும் மறுபடி கேளுங்க, "ஆச்சி, நேத்து என்ன தேச்சுக் குளிச்சீங்க"ன்னு கேட்டா உண்மை வரும், "ஏதாவது காஸ்மெடிக் யூஸ் பண்ணீங்களா"ன்னு கேட்டா இல்லன்னுதான் பதில் வரும், அவங்களைப் பொறுத்தவரைக்கும் மஞ்சள் காஸ்மெடிக் கிடையாது.

அப்புறம் சோப்புத் தண்ணி, சுத்தத் தண்ணி, மெத்துன துணியில ஒத்தி எடுக்குறது, இந்த வரிசை. ஸ்பிரிட் போட்டு அழுத்தித் தேய்க்காதீங்க, தோலு காஞ்சு செதில் தூக்கிட்டா அதுவே வெள்ளையா சிதறடிக்கும். சித்திரை வைகாசியில வெளிய இருந்து வந்தவங்களை ஃபேன் காத்துல உக்கார வச்சு வேர்வை அடங்குனதுக்கு அப்புறம் ஆரம்பிங்க, வேர்வை ஊறுனா விண்டோவைத் தாங்கிக்கிட்டு தோல்ல ஒட்டியிருக்கிற வளையம் வழுக்கிட்டு வந்துடும்.

6. விண்டோவை ஒட்டுறது

தோலுக்கும் விண்டோவுக்கும் நடுவுல ஒரு சொட்டு மினரல் ஆயில், விண்டோவுக்கும் அப்ஜெக்டிவுக்கும் நடுவுல தண்ணி இல்லன்னா அல்ட்ராசவுண்டு ஜெல். மேல் தோலோட இண்டெக்ஸ் 1.5 பக்கம், எண்ணெய் அதுக்குக் கிட்ட வருது, அதனால மேற்பரப்புலயே வெளிச்சம் தெறிச்சுப் போறது குறையும். அப்ஜெக்டிவ் தண்ணி வகைங்கிறதால அதுக்கு மேல தண்ணி சமாச்சாரம்தான் வேணும். ரெண்டையும் மாத்தி விட்டா படம் வரும், ஆனா சோகையா வரும், என்ன தப்புன்னு கண்டுபிடிக்க ஒரு மத்தியானமே போயிடும். இந்த எண்ணெய்ப் பழக்கம் ஆர்சிஎம்முக்கு. மல்டிபோட்டான்ல எண்ணெய் தானா ஒளிருதான்னு முதல்ல கண்ணாடி ஸ்லைடுல பாத்துட்டு அப்புறம் தோல்ல போடுங்க, பல பேரு அங்க வெறும் தண்ணியோடவே முடிச்சுக்குவாங்க.

காத்துக் குமிழி கறுப்பு வட்டமா, சுத்தி வெள்ளை விளிம்போட தெரியும். விண்டோவை ஒரு ஓரத்துல இருந்து சாய்ச்சு இறக்குனா குமிழி வராது. ரொம்ப அழுத்தாதீங்க, அழுத்துனா ரத்தக்குழாய் மூடிக்கும், பேசல் செல் கார்சினோமாவுல (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) குழாய் அகலமாகி இருக்கிறது ஒரு முக்கிய அடையாளம், அதை நீங்களே அமுக்கி மறைச்ச மாதிரி ஆயிடும்.

7. ஜீரோ எங்க, பவர் எவ்வளவு

தோல் மேற்பரப்பு எங்க ஆரம்பிக்குதோ அதைக் குறிச்சு வைக்காம எடுத்த ஆழக் கணக்கு எதுவும் செல்லாது. மேல இருந்து மெதுவா இறக்குங்க, முதல் தடவையா பரவலான பிரகாசம் வர்ற இடம் ஸ்ட்ராட்டம் கார்னியம் (தோலோட வெளி அடுக்கு), அதான் ஜீரோ. தோல் சமதளம் இல்ல, அதனால நாலு மூலையிலயும் நடுவுலயும் ஜீரோ பாருங்க.

மல்டிபோட்டான்ல மேற்பரப்புல 5 மில்லிவாட் மாதிரி ஆரம்பிச்சு, ஆழம் போகப் போக ஏத்துறது வழக்கம், 50 மில்லிவாட்டுக்கு மேல போறதில்ல. ஆனா நம்ம ஊர் தோலுக்கு ஒரு விதிவிலக்கு. பேசல் லேயர் (எபிடெர்மிஸோட அடி அடுக்கு) வந்ததும் மெலனின் அடர்த்தியா இருக்கும், அங்க பவரை ஏத்தக்கூடாது, முன்கூட்டியே இறக்கணும். வெள்ளைத் தோலுக்கு எழுதுன பவர் டேபிளை அப்படியே ஓட்டுனா மெலனின் உறிஞ்சி நுண்ணிய குமிழி வெடிக்கும். ஸ்கிரீன்ல திடீர்னு வெள்ளைப் புள்ளி வந்து அடுத்த ஃபிரேம்ல பெருசானா உடனே ஷட்டர், அப்புறம்தான் யோசனை. ஸ்கேனர் நின்னுட்டா பீம் தானா மூடுற மாதிரி அமைப்பு இருக்கணும், ஒரே புள்ளியில லேசர் நிக்குறது ஒரு செகண்டு கூட ஆகாது.

8. நல்ல தோலை முதல்ல எடுங்க

நேரா மச்சத்துல இறங்காதீங்க. பக்கத்துல ஒரு சென்டிமீட்டர் தள்ளி நல்ல தோல்ல ஒரு முழு ஸ்டாக் (மேல இருந்து கீழ வரைக்கும் படிப்படியா எடுத்த படங்களோட அடுக்கு) எடுங்க, ஒவ்வொருத்தர் தோலும் வேற, இவருக்கு நார்மல் எது மாதிரி இருக்கும்ங்கிறது இவர்கிட்டதான் கிடைக்கும். அப்புறம் மச்சத்தோட மொசைக் (ஒரே ஆழத்துல பக்கத்துப் பக்கத்து ஃபிரேமை ஒட்டுன பெரிய படம்), ஆர்சிஎம்ல 8 மில்லிமீட்டருக்கு 8 வரைக்கும் ஒட்டலாம், அதையும் பேசல் லேயர் ஆழத்துல ஒண்ணு, கொஞ்சம் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. சந்தேகமான இடத்துல மட்டும் ஸ்டாக், 3லிருந்து 5 மைக்ரான் படியில. மொசைக் இல்லாம ஸ்டாக் மட்டும் எடுக்குறவங்க ரொம்ப அழகான படம் எடுப்பாங்க, தப்பான இடத்துல.

மார்பு, வயிறு, முதுகுல மூச்சு படத்தை ஆட்டிடும். மல்டிபோட்டான் ஒரு ஃபிரேமுக்கே சில செகண்டு எடுக்கும், அதனால வளையத்தை டேப் போட்டு ஒட்டி, கை காலை மணல் மூட்டை இல்ல தலைகாணி வச்சு தாங்கிப் பிடிங்க. மூச்சை அடக்கச் சொல்லாதீங்க, அடக்கி விடுறப்ப வர்ற ஆட்டம் இன்னும் பெருசா இருக்கும்.

9. படத்தைப் படிக்கிறது

பேத்தாலஜி ஸ்லைடு பாத்துப் பழகுன கண்ணுக்கு இது முதல்ல குழப்பும். அவங்க தோலைச் செங்குத்தா வெட்டிப் பாக்குறாங்க, நாம மேல இருந்து பாக்குறோம். ஆத்தங்குடி கல்லை உடைச்சு ஓரத்துல பாத்தா சிமெண்டு, சாயம்னு அடுக்கு தெரியும், தரையில நின்னு பாத்தா பூ தெரியும், ரெண்டும் ஒரே கல்லுதான். நமக்குக் கிடைக்கிறது பூ.

நல்ல தோல்ல மேல இருந்து கீழ இறங்குனா முதல்ல நியூக்ளியஸ் இல்லாத பெரிய தட்டைச் செல்லுங்க, அப்புறம் 25லிருந்து 35 மைக்ரான் இருக்கிற கிரானுலார் செல்லு, அதுக்கும் கீழ 15லிருந்து 25 வரைக்கும் ஸ்பைனஸ், ரெண்டும் தேன்கூடு மாதிரி அடுக்கா இருக்கும். அடியில 7லிருந்து 12 மைக்ரான்ல சின்னச் சின்ன பேசல் செல்லு, மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது நல்லா வெளிச்சமா இருக்கும். அதுக்குக் கீழ டெர்மல் பாப்பில்லா (டெர்மிஸ் மேல் நோக்கி நீட்டிக்கிட்டு இருக்கிற முட்டு), கறுப்பு வட்டத்தைச் சுத்தி வெள்ளை வளையம். நம்ம தோல்ல அந்த வளையம் ரொம்ப பளிச்சுன்னு வரும், அதை நோய்னு எழுதிடாதீங்க.

ஆக்டினிக் கெரட்டோசிஸ் (வெயிலால வர்ற, புற்றுநோயா மாறக்கூடிய செதில்), ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (இன்னொரு வகைத் தோல் புற்றுநோய்) பக்கம் போனா அந்தத் தேன்கூடு குலையும், செல்லு அளவு ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது, பாப்பில்லாவுக்குள்ள உருண்டையான குழாய்கள் தெரியும். இடுப்புல சேலை, வேட்டி வருஷக்கணக்கா இறுக்கிக் கட்டுன தடத்துல ஸ்குவாமஸ் வகை வர்றது இந்தியாவுல மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு, அந்த இடத்துல ஆறாத புண்ணு இருந்தா லேசா எடுத்துக்காதீங்க.

பேசல் செல் கார்சினோமாவுல கட்டி தீவு தீவா இருக்கும், ஓரத்துல செல்லுங்க வேலி போட்ட மாதிரி நிக்கும், நியூக்ளியஸ் எல்லாம் நீளமா ஒரே திசையைப் பாத்து இருக்கும், தீவுக்கும் சுத்தியிருக்கிற கொலாஜனுக்கும் நடுவுல கறுப்பா ஒரு இடைவெளி இருக்கும். பல புத்தகத்துல தீவு கறுப்பு நிழலா இருக்கும்னு போட்டிருக்கும், அது நிறமி இல்லாத கட்டிக்கு. நம்ம மக்களுக்கு நிறமியோட வர்றது அதிகம், அதுல தீவு வெள்ளையா வரும். கறுப்பைத் தேடிட்டு வெள்ளையைத் தாண்டிப் போறது அடிக்கடி நடக்குது.

மெலனோமாவுல (நிறமிச் செல்லுல வர்ற புற்றுநோய்), இருக்கக்கூடாத மேல் அடுக்குல பெரிய உருண்டையான வெள்ளைச் செல்லுங்க ஏறி வந்திருக்கும், பாப்பில்லா வளையம் கலைஞ்சு போயிருக்கும். இதுல ஒரு பொறி இருக்கு, லாங்கர்ஹான்ஸ் செல்லும் மேல் அடுக்குல வெள்ளையா, கிளைகிளையா இருக்கும், அது நோய் எதிர்ப்புச் செல்லு. உடம்பு மெலிசா, கிளை மட்டும் நிறைய இருந்தா அவசரப்பட்டு மெலனோமான்னு எழுதாதீங்க. அதே மாதிரி டெர்மிஸ்ல கொழுகொழுன்னு வெள்ளைச் செல்லு பாத்தா மெலனோஃபேஜா (நிறமியை விழுங்குன செல்லு) இருக்கலாம், பழைய புண்ணு ஆறிக் கறுத்த இடத்துல அது நிறையவே இருக்கும்.

10. நம்புறதுக்கு முன்னாடி சோதிங்க

மல்டிபோட்டான்ல பவரை ரெண்டு மடங்கு ஆக்குனா சிக்னல் நாலு மடங்கு ஆகணும். ரெண்டு மடங்குதான் ஆச்சுன்னா அது வேற ஏதோ கசிவு. எஸ்ஹெச்ஜியான்னு தெரியணும்னா அலைநீளத்தை 780ல இருந்து 800க்கு மாத்துங்க, 390க்கான குறுகிய ஃபில்டர்ல அது மறைஞ்சு 400ல வரணும், ஒளிர்வா இருந்தா அப்படி கூடவே நகராது. லைஃப்டைம் (ஒளிர்வு அணைய எடுக்குற நேரம்) அளக்குற வசதி இருந்தா மெலனின் 0.2 நானோசெகண்டுக்கும் கீழ சட்டுன்னு அணையும், தனியா இருக்கிற என்ஏடிஹெச் 0.4 பக்கம், புரதத்தோட ஒட்டுனது 2க்கு மேல. நிறத்தை மட்டும் வச்சு மெலனினையும் என்ஏடிஹெச்சையும் பிரிக்கிறேன்னு நிக்குறதை விட இது எவ்வளவோ மேல்.

11. எங்க இது ஆகாது

உள்ளங்கால், உள்ளங்கை. கார்னியம் அங்க நூத்துக்கணக்கான மைக்ரான் தடிமன், நாம பாக்குறதே 200 தான். வருஷா வருஷம் பழனிக்கு வெறுங்காலோட நடக்குறவங்க பாதத்துல கேக்கவே வேண்டாம். ஆனா நம்ம மாதிரி நிறத்துக்காரங்களுக்கு மெலனோமா வந்தா உள்ளங்கால், நகக்கண் பக்கம் வர்ற பங்கு அதிகம், அதனால "மைக்ராஸ்கோப்ல ஒண்ணும் தெரியல"ங்கிறதை "ஒண்ணும் இல்ல"ன்னு எழுதாதீங்க, "எடுக்க முடியல"ன்னு எழுதுங்க. பொருக்கு கட்டுன புண்ணுக்கும் இதே கதை. மெலனோமா எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குன்னும் இதுல அளக்க முடியாது, அது மில்லிமீட்டர் கணக்கு. சந்தேகம் இருந்தா பயாப்சிதான், அந்த முடிவு தோல் டாக்டரோடது, உங்களோடது இல்ல.

12. சேமிக்கிறதும் பயாப்சிக்கு வழி காட்டுறதும்

விண்டோவைக் கழட்டுறதுக்கு முன்னாடி மொசைக்கையும் டெர்மோஸ்கோப் போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, சந்தேகமான புள்ளியைப் போட்டோ மேல குறிங்க. தோல் மேல மார்க்கர் போடுறதா இருந்தா எல்லாம் எடுத்து முடிச்ச அப்புறம்தான், அந்த மையும் ஒளிரலாம். ஒரிஜினல் ஃபைலை அப்படியே வைங்க, பிரகாசம் ஏத்துனது தனி காப்பி. கூடவே அலைநீளம், அப்ஜெக்டிவ் முனையில பவர், ஜீரோ, படி அளவு, எத்தனை நிமிஷம் லேசர் பட்டுச்சு, தோல்ல என்ன தடவியிருந்தாங்க. ஃபைல் பேருல நோயாளி பேரு வேண்டாம், நம்பர் போதும். விண்டோவைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுங்க, அப்ஜெக்டிவ் முனையை லென்ஸ் பேப்பர்ல துடைங்க, ஜெல் காஞ்சு போச்சுன்னா மறுநாள் காலைல முதல் ஆளுக்கு மங்கலாத்தான் வரும்.